கறுப்புக் கட்டங்களுக்குப் பாடம் நடத்துகிறேன்: ஆன்லைனில் படிப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள என்ன வழி?

1. பாளை கணக்கர் | ஞாயிறு, இரவு 10.20

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு டேலியும் (கணக்கு எழுதும் மென்பொருள்) ஜிஎஸ்டியும் ஆன்லைனில் சொல்லிக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வாரம். வாரத்துக்கு மூன்று நாள், இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை. இந்த பேட்சில் 42 பேர், பாதிக்கு மேல் பெண்கள். ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண், ஆடிட்டர் ஆபீசில் ஃபைல் தூக்குகிற பையன், துபாயில் இருந்து வந்து வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காத ஒரு அண்ணாச்சி, பி.காம் முடித்துக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து மறுபடியும் டெபிட், கிரெடிட் என்று ஆரம்பித்திருக்கிற அக்காமார். திசையன்விளையில் இருந்து சங்கரன்கோவில் வரை ஆள் இருக்கிறது. (தென்காசிப் பக்கம் 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது, தெரியும். பஸ் ஏறி வந்து போகிறவர்களுக்கு எல்லாம் ஒரே சீமைதான்.)

விஷயத்துக்கு வருகிறேன். போன பேட்சில் 40 பேர் சேர்ந்தார்கள், கடைசித் தேர்வை எழுதியது 17 பேர். பணம் கட்டிவிட்டுத்தான் நின்றுபோனார்கள். பாடம் கஷ்டம் என்று போனவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு என்ன ஆச்சு என்று கோர்ஸ் முடிந்த பிறகு வரிசையாகப் போன் போட்டேன். ஒரு பெண் கேட்டார்: "நான் அஞ்சாவது வாரத்திலேயே நின்னுட்டேனே சார். இப்பத்தான் பார்த்தீங்களா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வகுப்பில் திரையைப் பார்த்தால் கறுப்புக் கட்டம், அதில் பெயர். ரேஷன் கார்டு பட்டியலுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி இருக்கும். "கேட்குதா?" என்றால் "கேட்குது சார்" என்று ஒரே ஒரு குரல். எப்போதும் அந்த துபாய் அண்ணாச்சிதான். வாட்ஸப் குரூப் இருக்கிறது. காலையில் ரோஜாப்பூ, செவ்வாய்க்கிழமை முருகன், நடுவில் நான் போட்ட வீட்டுப்பாடம். 42 பேரில் ஒருவருக்கு இன்னொருவர் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

எந்த ஆப் நல்லது என்ற சிபாரிசு வேண்டாம். ஆப் நிறைய இருக்கிறது. இவர்களை ஒரு வகுப்பாக்க என்ன செய்யலாம், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

2. குரூப் ஃபோர் கனவு | ஞாயிறு, இரவு 10.41

கேமராவைக் கட்டாயம் ஆக்குங்கள் சார். முகம் பார்த்தால் பாதி சரியாகிவிடும்.

3. கல்லிடை அப்பளம் | ஞாயிறு, இரவு 11.05

மேலே சொன்ன தம்பிக்கு: எங்கள் வீட்டில் ஒரே அறை. இரவு எட்டரைக்கு அப்பா படுத்துவிடுவார், அம்மா மாவு கரைத்துக்கொண்டிருப்பார், எனக்குப் பின்னால் கொடியில் துணி காயும். கேமரா போடு என்றால் நான் அன்றைக்கே கோர்ஸை விட்டிருப்பேன்.

ஆனால் கேமரா கேட்காத கோர்ஸையும் விட்டவள்தான் நான். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். இருநூறு பேர் வகுப்பு. முதல் வாரம் சாட்டில் ஒரு சந்தேகம் கேட்டேன். "கேள்விகளைக் கடைசியில் கேளுங்கள்" என்றார்கள். கடைசியில் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் சித்தி மகள் வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தேன், அப்புறம் திறக்கவே இல்லை. யாரும் தேடவில்லை. இப்போதும் மாதம் ஒருமுறை மெயில் வருகிறது: "அன்புள்ள மாணவரே, உங்கள் கற்றல் பயணம் அருமையாகச் சென்றுகொண்டிருக்கிறது!"

நான் வளைகாப்பில் சாப்பிட்ட புளியோதரையைத்தான் சொல்கிறார்களோ என்னவோ.

4. பழைய தபால் | திங்கள், காலை 6.10

காலை வணக்கம். ரோஜாப்பூ போடவில்லை, பயப்பட வேண்டாம்.

நான் எண்பதுகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தவன். அவர்கள் 1971இலேயே அதை ஆரம்பித்துவிட்டார்கள். நெல்லைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் அப்போது கிடையாது. மனோன்மணியம் சுந்தரனார் வந்தது 1990இல். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, ஊர் நாங்குநேரிப் பக்கம். பழுப்புக் கவரில் பாடம் வரும். பிரித்துப் படித்தால் உண்டு, இல்லையென்றால் அலமாரியில் கிடக்கும். உங்கள் ரெக்கார்டிங் வீடியோவும் அந்தக் கவரும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

பிழைக்க வைத்தது காண்டாக்ட் கிளாஸ். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஹாலில் நடக்கும். பாடம் என்னவோ சுமார்தான். ஆனால் திரும்பிப் போகும் பஸ்ஸில் நாங்கள் நான்கு பேர். ஒருவர் களக்காடு, ஒருவர் ஏர்வாடி, ஒருவர் வள்ளியூர். பஸ் போய்ச் சேருவதற்குள் அன்றைய பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லி முடித்துவிடுவோம். அதற்கப்புறம் போஸ்ட் கார்டு. "மூன்றாம் தாள், நான்காம் பாடம் முடித்துவிட்டேன். நீர் எங்கே நிற்கிறீர்?" அவ்வளவுதான் எழுதியிருக்கும். அந்தக் கார்டு வருகிற நாளில் வீம்புக்காவது கவரைப் பிரிப்பேன்.

இரண்டாம் வருடம் என் அப்பா தவறினார். இரண்டு மாதம் நான் யாருக்கும் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை களக்காட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். விஷயமே அவருக்குத் தெரியாது. கார்டு வரவில்லையே என்று பார்க்க வந்தவர், தலையைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பாஸானது செகண்ட் கிளாஸ். அவர் ஃபர்ஸ்ட் கிளாஸ். அதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

5. அபிஷேகப்பட்டி ஆய்வாளர் | திங்கள், காலை 9.30

கல்வியியலில் ஆய்வு செய்கிறேன், இது எனக்கு நெருக்கமான தலைப்பு. கனடாவில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் இன்னும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இணையவழி வகுப்பு உருப்பட மூன்று பிரசன்னங்கள் வேண்டும் என்றார்கள். சமூகப் பிரசன்னம்: நான் ஒரு ஆளாக இங்கே இருக்கிறேன், மற்றவர்களும் ஆட்களாக இருக்கிறார்கள் என்ற உணர்வு. அறிவுப் பிரசன்னம்: சேர்ந்து யோசித்து ஒன்றைப் புரிந்துகொள்வது. கற்பித்தல் பிரசன்னம்: இந்த இரண்டும் நடக்கும்படி பாடத்தை அமைத்து, பேச்சை இழுத்துப் பிடிப்பது.

கேமராச் சண்டைக்கு ஒரு குறிப்பு. அவர்கள் ஆராய்ந்தது எழுத்திலேயே பேசிக்கொண்ட வகுப்புகளை. முகமே தெரியாத இடத்திலும் ஆள் இருப்பதை உணர வைக்கலாம் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. தபால் ஐயாவின் போஸ்ட் கார்டு மாதிரி.

6. சும்மா போறவன் | திங்கள், காலை 9.52

மூன்று பிரசன்னமா? எங்கள் ஊரில் சோழி உருட்டி ஒரே பிரசன்னத்தில் சொல்லிவிடுவார்கள், யார் கோர்ஸை முடிப்பார்கள், யார் முடிக்க மாட்டார்கள் என்று.

சீரியஸாகவே சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். நான் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவன். கோர்ஸ் எடுப்பது படிக்க, சொந்தம் கொண்டாட இல்லை. "எல்லோரும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள், உங்களுக்குப் பிடித்த உணவு என்ன" என்று ஆரம்பித்தால் நான் மியூட். வளர்ந்தவர்களை வம்பாகக் கூட்டுச் சேர்க்காதீர்கள்.

7. அபிஷேகப்பட்டி ஆய்வாளர் | திங்கள், காலை 10.15

சோழி நன்றாக விழுந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். :)

நீங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆல்ஃபிரட் ரோவாய் என்பவர் 2002இல் வகுப்பில் சமூக உணர்வை அளக்க 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோல் செய்தார். அதில் பாதிதான் "இவர்களோடு எனக்கு ஒட்டுதல் இருக்கிறது" என்ற ரகம். மீதிப் பாதி "இங்கே எனக்குப் படிப்பு நடக்கிறதா" என்ற ரகம். பிடித்த உணவு கேட்பவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

8. எட்டாவது வாரம் | திங்கள், மதியம் 1.20

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஐஐடிகள் நடத்துகிற ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் மூன்று கோர்ஸ் முடித்திருக்கிறேன். அங்கே ஒவ்வொரு கோர்ஸுக்கும் கேள்வி கேட்க ஒரு இடம் உண்டு. ஐஐடி ஆட்கள் உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள், குறையே சொல்ல முடியாது. ஆனால் கேள்விகளைப் பாருங்கள்: "ஐயா, மூன்றாம் வார அசைன்மென்டில் ஐந்தாவது விடை தவறு." "கடைசித் தேதியை நீட்டிப்பீர்களா?" நூற்றுக்கணக்கில் இதேதான். பன்னிரண்டு வார கோர்ஸில் சிறந்த எட்டு அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மார்க் பிரிகிறது. 25க்காக டெலிகிராமில் விடை பகிர்கிற குரூப்பில் எல்லோரும் ரொம்ப அன்னியோன்னியம். அதுவும் சமூகம்தான், என்ன சமூகம் என்பதுதான் கேள்வி.

தேர்வு மட்டும் நேரில் சென்டருக்குப் போய் எழுத வேண்டும். அங்கே வாசலில் ஒருவனைப் பார்த்தேன். என் கோர்ஸேதான், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பன்னிரண்டு வாரம் ஒரே பாடத்தில் தனித்தனியாக முட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அடுத்த கோர்ஸை அவனோடுதான் எடுத்தேன்.

9. சுளகு | திங்கள், மதியம் 3.45

நான் முக்கூடல். படித்தது பன்னிரண்டு. பெரிய பெரிய ஆட்கள் பேசுகிறீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆறேழு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவோம். மடியில் சுளகு (முறம்), அதில் வெட்டிய இலை, தூள், நூல். அவரவர் பீடி அவரவர் கணக்கு. கூலியும் தனித்தனி. வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்தும் சுற்றலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் தனியாகச் சுற்றினால் எனக்கு எழுநூறு தாண்டாது. திண்ணையில் என்றால் ஆயிரம் வந்துவிடும். ஒருத்தி எழுந்து போனால் சுளகு காலியாகக் கிடப்பது எல்லார் கண்ணிலும் படும். "எங்கட்டி போனா?" என்று ஒரு குரல் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆளுக்கு ரெண்டு கட்டு அவள் சுளகில் போடுவோம். ஒரு கட்டு என்றால் இருபத்தைந்து பீடி. அடுத்த வாரம் அவள் நமக்குப் போடுவாள்.

போன வருடம் ஆரி ஒர்க் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தோம். சேர்ந்தோம் என்றால் ஒரு ஃபீஸ், ஒரு போன், நாலு பேர். (சொல்லக் கூடாதோ?) போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். டீச்சர் ஊசியைத் திருப்புவது ஒருத்திக்குப் பிடிபடும், அவள் மற்ற மூன்று பேருக்கும் காட்டுவாள். நாலு பேரும் முடித்தோம். டீச்சருக்கு மட்டும் நாங்கள் நாலு பேர் என்பது கடைசிவரை தெரியாது.

உங்கள் 42 பேருக்கும் ஒரே திண்ணை என்றால் எப்படி சார்? யார் எழுந்து போனார்கள் என்று எப்படித் தெரியும்?

10. பாளை கணக்கர் | திங்கள், இரவு 10.05

சுளகு அக்கா, கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். ஒரு ஃபீஸ் நாலு பேர் விஷயத்தை மட்டும் என் மாணவர்கள் படிக்காமல் இருக்கட்டும்.

11. குரூப் ஃபோர் கனவு | திங்கள், இரவு 11.30

கேமரா என்று சொன்னதற்கு எல்லோரும் மன்னிக்கவும். எங்கள் கதையைச் சொல்கிறேன், நீளமாகிவிடும்.

2023 கடைசியில் குரூப் ஃபோருக்கு ஒரு ஆன்லைன் டெஸ்ட் பேட்சில் இருந்தேன். 35 பேர். ஆளுக்கு ஒரு நம்பர், பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் 200 கேள்வி, மூன்று மணி நேரம், மாலையில் ரேங்க் பட்டியல். நான் 12. மற்றவர்கள் எனக்கு நம்பர்தான், அதுவும் முந்த வேண்டிய நம்பர்.

டிசம்பர் 17 ஞாயிறு. நெல்லை, தூத்துக்குடியை வெள்ளத்தில் மூழ்கடித்த அந்த மழையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். டெஸ்ட் எழுத யாரும் வரவில்லை. திங்கட்கிழமை ஜங்ஷனில் படகு விட்டார்கள், எங்கள் சிந்துபூந்துறையில் முதல் மாடிக்கு ஏறி உட்கார்ந்திருந்தோம். செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கரண்ட் இல்லை, டவர் இல்லை.

செவ்வாய் மதியம் ஒரு கோடு சிக்னல் வந்தது. குரூப்பைத் திறந்தால் யாரோ ஒருவர் முந்தின நாளே போட்டிருக்கிறார்: "7 இருக்கேன்." அதற்குக் கீழே "19 இருக்கேன்." "4 இருக்கேன், வீட்டுக்குள் தண்ணி." நானும் "12 இருக்கேன்" என்று போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் போனும் உயிர் வர வர நம்பர் ஏறிக்கொண்டே போனது. புதன் இரவு கணக்குப் பார்த்தால் இரண்டு பேர் குறைகிறார்கள். 23, 31. 23க்கு ஏரல் என்று யாரோ சொன்னார்கள். ஏரல் தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஊர். அந்தப் பெயரைக் கேட்டதும் குரூப் அப்படியே அமைதியாகிவிட்டது. அதுவரை 23ஐ எனக்குத் தெரிந்ததெல்லாம் பொதுத்தமிழில் என்னை விட நாலு மார்க் கூட எடுக்கிற ஆள் என்றுதான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

31 வியாழன் காலையில் வந்தார். 23 வெள்ளி சாயங்காலம்: "23 இருக்கேன். எல்லாரும் இருக்கோம். புஸ்தகம்தான் போச்சு."

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். வரலாறு ஒருவர், அரசியலமைப்பு ஒருவர், கணக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, அவரவர் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, பஸ் ஓட ஆரம்பித்ததும் ஏரலுக்குக் கொடுத்துவிட்டோம். கொண்டுபோனவர் 9. 23 ஒரு அக்கா என்பதே 9 போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் அந்த பேட்சில் ஒருவர்கூட டெஸ்டை விடவில்லை. விட்டால் கேட்பார்கள்.

12. சும்மா போறவன் | செவ்வாய், காலை 7.15

மனசைத் தொட்டுவிட்டது தம்பி. ஆனால் வகுப்பு ஒன்றுசேர வருஷா வருஷம் வெள்ளத்தையா கூப்பிட முடியும்?

13. பழைய தபால் | செவ்வாய், காலை 7.40

வெள்ளம் வேண்டாம் ஐயா. தம்பி சொன்னதை நன்றாகப் பாரும். அந்த 35 பேருக்கும் முதலிலேயே நம்பர் இருந்தது. அதனால்தான் இரண்டு குறைகிறது என்று தெரிந்தது. நம்பர் இல்லாத கூட்டத்தில் யார் குறைந்தாலும் கூட்டம்தான்.

14. பாளை கணக்கர் | செவ்வாய், இரவு 10.50

இரண்டு நாளாக இதே யோசனை. இப்படிச் செய்யப் போகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

42 பேரையும் பஸ் ரூட் வைத்துப் பிரிக்கிறேன். தபால் ஐயாவின் பஸ்தான் இதற்குக் காரணம். அம்பை லைன், வள்ளியூர் லைன், திசையன்விளை லைன், தென்காசி லைன், சங்கரன்கோவில் லைன், தூத்துக்குடி ரோடு, அப்புறம் பாளை, மேலப்பாளையம், பேட்டை எல்லாம் சேர்ந்து டவுன் லைன். ஏழு லைன், லைனுக்கு ஆறு பேர். எண்ணிக்கை சரியாக வருவதற்காக ஆலங்குளத்துக்காரர் ஒருவரை அம்பை லைனில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது, அவர் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்.

இனி வீட்டுப்பாடம் தனியாகக் கிடையாது. தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஒரு மாதத்துப் பழைய பில் கட்டைக் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் பெயர், நம்பர் எல்லாம் மறைத்துவிட்டேன். அதை ஆறாகப் பிரித்து லைனில் ஆளுக்கு ஒரு பங்கு. ஒவ்வொருவரும் தன் பங்கை டேலியில் ஏற்ற வேண்டும். ஆறும் சேர்ந்தால்தான் கடைக்காரர் கல்லாக் கணக்கோடு பொருந்தும். மாத விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்கிற ஜிஎஸ்டிஆர் 1க்கு நிஜத்தில் 11ஆம் தேதி கெடு என்பதால் இவர்களுக்கும் 11ஆம் தேதிதான் கெடு.

15. அபிஷேகப்பட்டி ஆய்வாளர் | செவ்வாய், இரவு 11.10

சார், நீங்கள் அறியாமலே ஜிக்ஸா முறைக்கு வந்துவிட்டீர்கள். எலியட் அரான்சன் 1971இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் செய்தது. வெள்ளை, கறுப்பு, மெக்சிகன் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு அடித்துக்கொண்டிருந்த நேரம். பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அடுத்தவன் வாயைத் திறந்தால்தான் தன் பாடம் முழுசாகும் என்றானதும் கேலி குறைந்தது.

16. கல்லிடை அப்பளம் | செவ்வாய், இரவு 11.25

ஓட்டை ஒன்று இருக்கிறது சார். போன் நம்பர். வாட்ஸப்பில் சின்ன குரூப் போட்டால் எங்கள் நம்பர் முன்பின் தெரியாத ஆண்கள் எல்லோருக்கும் போகும். முன்பு நான் படித்தபோது என்னிடம் இருந்தது அண்ணன் போன். ராத்திரி பத்து மணிக்கு "ஹாய், நோட்ஸ் இருக்கா" என்று ஒரு மெசேஜ் வந்தது. உண்மையாகவே நோட்ஸ்தான் கேட்டிருப்பான், பாவம். ஆனால் வீட்டில் யார் நம்புவார்கள்? மறுநாள் போனே கிடைக்கவில்லை. கோர்ஸை விட்ட கதையில் இதை முதலில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

17. சுளகு | புதன், காலை 11.20

அந்தப் பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு. முதலில் இதைச் சரிசெய்யுங்கள், மற்றது தானாக நடக்கும்.

18. பாளை கணக்கர் | புதன், இரவு 10.30

இதை நானாக யோசித்திருக்கவே மாட்டேன். இன்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நான்கு லைன் பெண்கள் மட்டும், மூன்று லைன் கலந்து, அதுவும் அவர்கள் சம்மதத்தோடு. ஊர் கொஞ்சம் முன்பின் ஆனது, பரவாயில்லை. குரூப் டெலிகிராமில், நம்பரை மறைக்க எப்படி செட்டிங்ஸ் மாற்றுவது என்று வகுப்பிலேயே காட்டினேன். தனியாக யாரும் யாருக்கும் மெசேஜ் போடக் கூடாது, பேச்சு எல்லாம் குரூப்பில்தான். இரண்டு பேர் தனியாகத்தான் படிப்போம் என்றார்கள். சரி என்றுவிட்டேன். சும்மா போறவன் அண்ணாச்சிக்கு மரியாதை.

19. பாளை கணக்கர் | 24 நாட்களுக்குப் பிறகு, சனி, மாலை 5.10

நிலவரம் சொல்ல வந்தேன்.

முதல் வாரம் எல்லா லைனிலும் மயான அமைதி. "வணக்கம்", "வணக்கம் சிஸ்டர்" என்பதோடு சரி. பில் ஏற்ற ஆரம்பித்த பிறகும் அவரவர் பங்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாறியது வள்ளியூர் லைனில், கெடுவுக்கு முந்தின நாள். கலந்த குரூப்களில் ஒன்று அது.

ஆறு பேரும் ஏற்றி முடித்துக் கூட்டினால் கல்லாக் கணக்கோடு 90 ரூபாய் இடித்தது. இரவு பத்தே முக்கால். ஆளாளுக்கு "என்னுடையது சரி" என்கிறார்கள். அப்போது பணகுடிப் பக்கம் ஒரு அக்கா, ஆறு வாரமாக வகுப்பில் வாயே திறக்காதவர், குரல் பதிவு போட்டார். பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. "90ஐ ஒன்பதால வகுங்க. மீதி வரலைல்லா? அப்ப எங்கயோ நம்பரைத் திருப்பிப் போட்டிருக்கு. எங்க காலேஜ் மேடம் சொல்லுவாங்க. 450, 540 இந்த மாதிரி பில் இருக்கான்னு அவங்கவங்க பாருங்க." இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கெழுதுகிறவர்கள் பழைய வித்தை. நான் பாடத்தில் அதைச் சொல்லியிருக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. 540 ரூபாய் வத்தல், பெருங்காய பில்லை 450 என்று ஏற்றியவர் துபாய் அண்ணாச்சி! "கேட்குது சார்" அண்ணாச்சியேதான். "மக்களே, கண்ணாடி போடாம ஏத்திட்டேன்" என்று அவர் போட, அப்புறம் அந்த குரூப் நள்ளிரவு வரை அடங்கவில்லை. எப்போதும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற ஆளே தப்புப் பண்ணலாம் என்றானதும் மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்த வகுப்பில் "கேட்குதா" என்றேன். நான்கு குரல் வந்தது.

திசையன்விளை லைனில் ஒரு பெண் தன் பங்கை ஏற்றவில்லை. முன்பானால் எனக்கே தெரிந்திருக்காது. இப்போது மற்ற ஐந்து பேருக்கும் கணக்கு நிற்கிறதே. இரண்டாம் நாளே ஒருத்தி என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். மாமியார் ஆஸ்பத்திரியில், இவர் துணைக்கு. அந்தப் பெண்ணின் பில்லை ஐந்து பேரும் பங்கு போட்டு ஏற்றிவிட்டார்கள். போன திங்கட்கிழமை அவர் வகுப்புக்கு வந்தார். சுளகு அக்காவின் ரெண்டு கட்டு ஞாபகம் வந்தது.

20. சும்மா போறவன் | சனி, மாலை 5.45

கதை நன்றாக இருக்கிறது. நம்பர் சொல்லுங்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள்?

21. பாளை கணக்கர் | சனி, மாலை 5.58

42இல் 35 பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். போன பேட்சில் இதே வாரத்தில் 24. தனியாகப் படிப்போம் என்ற இரண்டு பேரும் அந்த 35இல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

22. சும்மா போறவன் | சனி, மாலை 6.02

ஒரு பேட்சை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் 24ஐ விட 35 பெரிசுதான்.

23. சுளகு | சனி, மாலை 6.20

ஏழு பேர் போனார்களே, அவர்கள் எந்த லைன்?

24. பாளை கணக்கர் | சனி, மாலை 6.31

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். மூன்று பேர் அங்கங்கே ஒருவராக. நான்கு பேர் சங்கரன்கோவில் லைன். அந்த குரூப் எழவே இல்லை. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் ஆறு பேரில் நான்கு பேர் ஏற்கெனவே சிநேகிதிகள், ஒரே கல்லூரி. அந்த லைன்தான் முதலில் ஒட்டும் என்று நினைத்தேன்.

25. எட்டாவது வாரம் | சனி, மாலை 6.44

அதனால்தான் சார். அவர்களுக்கு என்று தனியாக ஒரு குரூப் முன்பே இருக்கும். பேச்செல்லாம் அங்கே நடக்கும். ஒருத்திக்கு அலுத்தால் நாலு பேருக்கும் அலுத்துவிடும். மீதி இரண்டு பேர் வெளியே நிற்பார்கள். எங்கள் ஹாஸ்டலில் பார்த்திருக்கிறேன்.

26. கல்லிடை அப்பளம் | சனி, மாலை 6.50

அந்த மீதி இரண்டு பேரை வேறு லைனில் சேர்த்துவிடுங்கள் சார், சீக்கிரம். நான்கு சிநேகிதிகளுக்கு நடுவில் இரண்டு பேராக உட்கார்வது இருநூறு பேருக்கு நடுவில் உட்கார்வதை விட மோசம்.

27. பாளை கணக்கர் | சனி, மாலை 6.58

இருவரையும் தென்காசி லைனில் சேர்க்கிறேன், அங்கே இடம் இருக்கிறது. நின்றுபோன நான்கு பேரோடும் பேச வேண்டும். நாளை ஞாயிறு, திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

28. பழைய தபால் | சனி, இரவு 7.03

திங்கட்கிழமை எதற்கு? சனிக்கிழமை ஏழு மணிக்கு வீட்டில்தான் இருப்பார்கள். இப்போதே போடும்.

29. பாளை கணக்கர் | சனி, இரவு 7.06

போட்டுவிட்டேன் ஐயா. ரிங் போகிறது.